நாக்கை மேலே வைத்தால் பல் கடிப்பது நிற்குமா?

"நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி வையுங்கள். தாடை எடுப்பாகும், மூச்சு சீராகும், ராத்திரி பல் கடிப்பதும் நின்றுவிடும்." இப்படிச் சொல்லும் குட்டி வீடியோக்கள் கைபேசியில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மியூயிங் என்று இதற்குப் பெயர். சரி என்று பல் மருத்துவரிடம் போய்க் கேட்டால், அவரும் நாக்கை மேலே வைக்கத்தான் சொல்கிறார். ஆனால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது என்கிறார். வீடியோவில் பேசுபவரோ பல்லை லேசாகச் சேர்த்து வைக்கச் சொல்கிறார். இரண்டும் ஒரே ஆலோசனை போலத் தெரிந்தாலும் ஒன்றுக்கொன்று எதிரானவை.

இதில் குழம்புவது வாசகரின் தவறல்ல. விழித்திருக்கும்போது பல்லை இறுக்குவதும் தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பதும் வேறு வேறு செயல்கள். இரண்டையும் ஒரே பெயரில் சொல்லி, ஒரே மருந்தைக் காட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நாக்கு, தாடை ஆகியவற்றின் நிலைக்குப் பகலில் இருக்கும் செல்வாக்கு இரவில் கிடையாது. ஏன் அப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

சும்மா இருக்கும்போது தாடை எங்கே இருக்கும்?

பேசாமல், சாப்பிடாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு மேல் பற்களும் கீழ்ப் பற்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் பொதுவாக 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். உதடு மூடியிருக்கும், பற்கள் விலகியிருக்கும். தாடைக்கு இதுதான் ஓய்வு நிலை.

மென்று தின்னும்போதும் விழுங்கும்போதும்தான் பற்கள் சேர வேண்டும். அந்தக் கணங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 24 மணி நேரத்தில் சுமார் 20 நிமிடம்தான் வரும் என்பது பல் மருத்துவத்தில் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் மதிப்பீடு. மீதி நேரம் முழுக்கப் பற்களுக்கு விடுமுறை. பலருக்கு இந்தத் தகவலே புதிது. வாயை மூடினால் பல்லும் சேர்ந்துதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தொட்டுக்கொண்டிருந்தால், அழுத்தவே இல்லை என்றாலும், தாடையை மூடும் தசைகள் வேலையில் இருக்கின்றன என்று பொருள். கன்னத்தின் பின்பகுதியில் இருக்கும் மாஸெட்டர் தசையும், நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரிந்திருக்கும் டெம்பொராலிஸ் தசையும் அவற்றில் முக்கியமானவை. விரலை நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தால் டெம்பொராலிஸ் புடைப்பது தெரியும். பல்லை இறுக்குபவர்களுக்குத் தலைவலி அந்த இடத்தில் வருவது இதனால்தான்.

நாக்கு இதில் எங்கே வருகிறது?

நாக்கும் தாடையும் தனித்தனி உறுப்புகள் போலத் தோன்றினாலும் இயக்கத்தில் பிணைந்தவை. அந்தப் பிணைப்பு இப்படி:

1. நாக்கை முன்னால் இழுக்கும் பெரிய தசை கீழ்த்தாடையின் உள்பக்கத்தில், மோவாய்க்குப் பின்னால் தொடங்குகிறது. தாடை அசைந்தால் நாக்கின் அடித்தளமும் அசையும்.

2. தொண்டைக்கு மேலே ஹையாய்டு என்ற சிறு எலும்பு வேறு எந்த எலும்போடும் மூட்டாகச் சேராமல் தசைகளில் தொங்குகிறது. நாக்கு, கீழ்த்தாடை, கழுத்து மூன்றும் இதன் வழியாக இணைகின்றன. கழுத்தை முன்னால் நீட்டிக் கைபேசி பார்க்கும்போது தாடையின் ஓய்வு நிலை சற்று மாறுவதற்கு இந்த இணைப்பே காரணம்.

3. விழுங்கும்போது நாக்கு அண்ணத்தில் அழுந்துகிறது, பற்கள் ஒரு கணம் சேர்கின்றன. விழுங்கியபின் நாக்கு அண்ணத்தில் மெதுவாகத் தங்கிவிட்டால் தாடையைத் தாங்கிப் பிடிக்கத் தசைகள் அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை.

4. நாக்கின் நுனி முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தில் லேசாகத் தங்கியிருக்கும்போது பற்களை விலக்கி வைப்பது பலருக்கு எளிதாக வருகிறது. நாக்கு பல்லில் முட்டிக்கொண்டோ பற்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டோ இருந்தால் தாடை ஓய்வுக்கு வருவதில்லை.

நாக்கின் ஓரங்களில் பல் பதிந்த தடம், கன்னத்தின் உள்பக்கம் பற்கள் சேரும் மட்டத்தில் ஒரு வெள்ளைக் கோடு, இவை பல் மருத்துவர் கவனிக்கும் அடையாளங்கள். ஆனால் இவற்றை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. நாக்கு சற்றுப் பெரிதாக இருப்பவர்களுக்கும் ஓரத்தில் தடம் விழும்.

மேலே சொன்ன நான்காவது புள்ளியில் ஒரு முக்கியமான நிபந்தனை இருக்கிறது: லேசாக. 2009இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நாக்கை அண்ணத்தில் வைத்தபோதும் வாயின் அடித்தளத்தில் விட்டபோதும் தசைகளின் மின் செயல்பாட்டை அளந்தார்கள். நாக்கு மேலே இருந்தபோதுதான் டெம்பொராலிஸும் தாடைக்கு அடியிலுள்ள தசைகளும் கூடுதலாக வேலை செய்தன. இதயத் துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கமும் குறைந்தது. உடல் முழுத் தளர்வில் இல்லை என்பதற்கான குறி அது. ஒரு சிறிய ஆய்வை வைத்து நாக்கை மேலே வைப்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் "மேலே வைத்தாலே தளர்வு வந்துவிடும்" என்று உறுதியாகப் பேசுவதற்கும் இடமில்லை. நாக்கின் இடம் ஒரு துணைதான். பற்கள் விலகியிருப்பதும் தசை தளர்ந்திருப்பதும்தான் முக்கியம். நாக்கைக் கீழே விட்டால்தான் ஒருவருக்குத் தாடை தளர்கிறது என்றால் அவருக்கு அதுவே சரி.

பல் கடித்தல்: ஒரு பெயர், இரண்டு செயல்கள்

மருத்துவத்தில் இதை ப்ரக்ஸிசம் என்கிறார்கள். பல நாட்டு வல்லுநர்கள் 2013இலும் 2018இலும் கூடிப் பேசி இதற்கான வரையறையைத் திருத்தினார்கள். அதன்படி பகல் ப்ரக்ஸிசம் ஒன்று, தூக்க ப்ரக்ஸிசம் மற்றொன்று. வேறு நோய் இல்லாத ஒருவருக்கு இவை இரண்டுமே நோய் அல்ல, மெல்லும் தசைகளின் ஒரு செயல்பாடு. பல் தேய்வது, விரிசல் விடுவது, தசை வலிப்பது போன்ற பாதிப்புகளுக்கு அது காரணமாகும்போதுதான் சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும். இந்தப் பார்வை மாற்றம் சாதாரணமானதல்ல. இரவில் பல் கடிக்கும் சத்தம் கேட்டாலே நோயாளி என்று முத்திரை குத்திய காலம் ஒன்று இருந்தது.

பகல் ப்ரக்ஸிசத்தில் அரைப்பது குறைவு. மேல் கீழ்ப் பற்களைத் தொட வைத்திருப்பது, இறுக்கிக் கடிப்பது, பல் தொடாமலேயே தாடையை விறைப்பாகப் பிடித்திருப்பது, தாடையை முன்னாலோ பக்கவாட்டிலோ தள்ளி வைத்திருப்பது எல்லாமே அதில் அடங்கும். பல் படவே இல்லை என்றாலும் தாடை விறைத்திருந்தால் அதுவும் ப்ரக்ஸிசம்தான் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

எத்தனை பேருக்கு இருக்கிறது? 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பெரியவர்களிடம் தூக்க ப்ரக்ஸிசம் சுமார் 13 சதவீதம், பகல் ப்ரக்ஸிசம் 22 முதல் 31 சதவீதம் என்று வந்தது. பெரும்பாலும் அவரவர் சொன்னதை வைத்து எடுத்த கணக்கு இது. தனியாகத் தூங்குபவருக்குத் தன் பல் கடிக்கும் சத்தம் தெரிய வாய்ப்பில்லை என்பதால் இதைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பகலில்: நிலைதான் பிரச்சினை, நிலைதான் தீர்வு

கணினி முன்னால் கவனமாக வேலை செய்யும்போது, நெரிசலில் வண்டி ஓட்டும்போது, கனமான பொருளைத் தூக்கும்போது, கோபத்தை அடக்கும்போது தாடை தானாக இறுகும். சிலருக்கு அது கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடுகிறது. சிலருக்குப் பழக்கமாகப் படிந்துவிடுகிறது.

ஜப்பானியப் பல் மருத்துவர்கள் இதில் ஒரு நுணுக்கமான விஷயத்தைப் பிடித்தார்கள். கடுமையாகக் கடிப்பவர்களை மட்டும் பார்க்காமல், பற்களை லேசாகத் தொட வைத்துக்கொண்டே இருப்பவர்களைக் கவனித்தார்கள். தாடை மூட்டு வலியோடு வருபவர்களில் பாதிப் பேரிடம் இந்தப் பழக்கம் இருந்ததாக 2006இல் வெளியான அவர்களது ஆய்வு சொன்னது. பலமாகக் கடித்தால் சில நிமிடங்களிலேயே தசை சோர்ந்து விட்டுவிடும். லேசான தொடுதலை மணிக்கணக்காகத் தொடரலாம், வலி வரும்வரை தெரியவும் தெரியாது. அதனால்தான் அதில் ஆபத்து அதிகம்.

பகல் வகைக்கு நிலைப் பயிற்சி பொருத்தமாக இருப்பதற்குக் காரணம் எளிது: நாம் விழித்திருக்கிறோம், கவனித்தால் மாற்ற முடியும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

1. "தேன்" என்று சொல்லி, கடைசி ன் ஒலியில் அப்படியே நிறுத்துங்கள். நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், ஈறு மேடாக இருக்கும் இடத்தில் நிற்கும். பற்கள் விலகியிருக்கும். "பந்து" என்பதில் வரும் ந் வேண்டாம். அதில் நாக்கு பல்லிலேயே முட்டும்.

2. நாக்கை அங்கேயே விட்டு உதட்டை மெல்ல மூடி, மூக்கால் ஒரு மூச்சை நிதானமாக வெளியே விடுங்கள். தோளும் தாடையும் சேர்ந்து இறங்கட்டும். நாக்கை அழுத்தவோ உறிஞ்சிப் பிடிக்கவோ வேண்டாம்.

3. இதை நாள் முழுதும் பிடித்துவைக்க முயலாதீர்கள். அது இன்னொரு இறுக்கமாகிவிடும். கணினித் திரையின் ஓரத்திலும், வண்டியின் கண்ணாடி அருகிலும், சமையலறையிலும் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள். அது கண்ணில் படும்போதெல்லாம் பற்கள் தொடுகின்றனவா என்று பார்த்து, தொட்டால் விலக்கி விடுங்கள். கைபேசியில் நினைவூட்டல் வைப்பதும் இதே வேலையைச் செய்யும்.

மூன்றாவதுதான் உண்மையான சிகிச்சை. முதல் இரண்டும் அதற்கான கருவிகள்.

இரவில்: கட்டளை மூளையிலிருந்து வருகிறது

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பல் மருத்துவம் பல் கடிப்பதற்கான காரணத்தைப் பல்லிலேயே தேடியது. மேல் கீழ்ப் பற்கள் சரியாகப் பொருந்தாததால்தான் தாடை இரவெல்லாம் அரைக்கிறது என்று நம்பி, எத்தனையோ பேரின் பற்களை ராவிச் சமப்படுத்தினார்கள். ராவிய எனாமல் திரும்ப வளராது. 1980களில் ஓர் ஆய்வில் தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கு வேண்டுமென்றே உயரம் கூடிய பல் உறைகளைப் போட்டுப் பார்த்தார்கள். பழைய நம்பிக்கை சரியென்றால் அரைப்பது கூட வேண்டும். பெரும்பாலோருக்குக் குறைந்தது.

அதன் பிறகு தூக்க ஆய்வகங்களில் மூளை அலை, இதயத் துடிப்பு, தசை ஆகியவற்றை ஒரே நேரத்தில் பதிவு செய்தபோது படம் தெளிவானது. ஒரு தடவை பல் கடிப்பதற்கு முன்னும் பின்னும் நடப்பவை இந்த வரிசையில் வருகின்றன:

1. சில நிமிடங்களுக்கு முன்பே உடலின் பரபரப்பு நரம்பு மண்டலம் கொஞ்சம் முடுக்கம் பெறுகிறது.

2. சில விநாடிகளுக்கு முன் மூளை அலைகள் வேகமாகின்றன. ஆள் எழுந்துகொள்வதில்லை, ஆனால் மூளை ஒரு கணம் விழிப்பை எட்டிப் பார்க்கிறது. இதைக் குறுவிழிப்பு என்று சொல்லலாம்.

3. இதயத் துடிப்பு கூடுகிறது.

4. தாடையைத் திறக்கும் தசைகள் இயங்குகின்றன.

5. அதன் பிறகே மாஸெட்டர் சுருங்கி, விநாடிக்கு ஒரு தடவை என்ற தாளத்தில் தாடை மெல்வதுபோல அசைகிறது. பற்கள் அப்போது சேர்ந்தால் அந்தச் சத்தம் கேட்கிறது.

6. பல நேரங்களில் இது ஒரு விழுங்கலில் முடிகிறது.

பல் சேர்வது வரிசையின் கடைசிக் கட்டங்களில் வருகிறது. பல்லின் பொருத்தமோ நாக்கின் இடமோ இந்தத் தொடரைத் தொடங்கி வைப்பதில்லை. பல் கடிக்காதவர்களிலும் சுமார் 60 சதவீதம் பேருக்கு இந்தத் தாள அசைவு தூக்கத்தில் இருக்கிறது. பல் கடிப்பவர்களுக்கு அது ஏறக்குறைய மூன்று மடங்கு அடிக்கடி வருகிறது, பலமாகவும் வருகிறது. பரம்பரை, மன அழுத்தம், புகை, மது, மாலைக்குப் பிறகு குடிக்கும் காபி ஆகியவற்றுக்கு இதில் தொடர்பு உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மருந்துகளாலும் சிலருக்கு வரும். அப்படித் தோன்றினால் மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

ஆக, பகலில் நாக்கை எவ்வளவு ஒழுங்காக வைத்துப் பழகினாலும், உறங்கும் மூளை அந்தப் பயிற்சியை அப்படியே கேட்டு நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தசைகள் தூக்கத்தில் தளரும், நாக்கும் தளரும். பகல் இறுக்கம் குறைந்தால் காலையில் தாடை வலி குறையலாம். காரணம், அந்த வலியில் பகலின் பங்கும் கலந்திருக்கிறது.

இரவில் நாக்கு முக்கியமாகும் ஓர் இடம்: மூச்சுவழி

மல்லாந்து படுக்கும்போது கீழ்த்தாடையும் நாக்கின் அடிப்பகுதியும் தொண்டைப் பக்கம் சரிகின்றன. சிலருக்கு அது மூச்சுவழியைக் குறுக்கிக் குறட்டையாகிறது. சிலருக்கு மூச்சே சில விநாடிகள் தடைபட்டு, மூளை திடுக்கிட்டு மீள்கிறது. இதுதான் தூக்க மூச்சுத்தடை. பல தடைகள் ஒரு குறுவிழிப்பில் முடிகின்றன. குறுவிழிப்போடுதான் பல் கடிப்பதும் வருகிறது என்பதால் இரண்டும் ஒருவரிடமே காணப்படுவதில் வியப்பில்லை.

மயங்கிக் கிடப்பவரின் தாடையை முன்னால் தள்ளினால் மூச்சுவழி திறக்கும் என்பது முதலுதவிப் பாடம். தூக்கத்தில் தாடை அசைவதும் அதே வேலைக்காக உடல் செய்துகொள்ளும் ஏற்பாடாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். கவர்ச்சியான கருத்துதான், ஆனால் இன்னும் நிரூபணமாகவில்லை. மூச்சுத்தடை இருப்பவர்கள் எல்லோரும் பல் கடிப்பதில்லை, பல் கடிப்பவர்கள் எல்லோருக்கும் மூச்சுத்தடை இல்லை. வீடியோக்கள் இதை முடிந்த முடிவாகப் பேசுவதை ஏற்க முடியாது.

நாக்கு, தொண்டைத் தசைகளுக்கான முறையான பயிற்சிகள் மூச்சுத்தடையின் கடுமையைக் குறைக்கின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பெரியவர்களிடம் தடைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அவை பயிற்சியாளரின் மேற்பார்வையில் மாதக்கணக்கில் செய்தவை. கண்ணாடி முன் நாக்கை ஒட்டி நிற்பதும் அதுவும் ஒன்றல்ல. அந்தப் பயிற்சிகள் பல் கடிப்பதையும் நிறுத்தும் என்று காட்ட இன்னும் போதிய ஆதாரம் வரவில்லை.

இரவில் வாயில் டேப் ஒட்டிக்கொள்ளும் பழக்கமும் இந்த வீடியோக்களோடு சேர்ந்தே பரவுகிறது. மூக்கடைப்போ மூச்சுத்தடையோ இருப்பவருக்கு அது ஆபத்து.

மியூயிங் எங்கே தடம் மாறுகிறது?

பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மியூ என்ற பல் சீரமைப்பு மருத்துவரும் அவருடைய மகன் மைக் மியூவும் இந்தக் கருத்தைப் பரப்பியவர்கள். வளரும் குழந்தைகளின் முகமும் தாடையும் எப்படி அமைகின்றன என்பதில் நாக்கின் நிலைக்கும் வாய் மூச்சுக்கும் பெரும் பங்கு உண்டு என்பது ஜான் மியூவின் வாதம். நாக்கு அண்ணத்தில், உதடுகள் மூடி, பற்கள் நாளில் 4 முதல் 8 மணி நேரம் லேசான தொடுதலில் இருக்க வேண்டும் என்றார்.

அந்தக் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். இயல்பான தொடுதல் நாளுக்கு 20 நிமிடம் என்று பார்த்தோம். ஏற்கெனவே பல்லை இறுக்கும் ஒருவர் மணிக்கணக்காகப் பல்லைத் தொட வைக்கப் பழகினால், தாடை மூட்டு வலியோடு வருபவர்களிடம் ஜப்பானியர்கள் கண்ட அதே பழக்கத்தை விலை கொடுத்து வாங்குகிறார். தாடையை எடுப்பாகக் காட்டக் கடினமான சூயிங்கம்மை மெல்லச் சொல்வதும் அப்படியே. மாஸெட்டர் பருக்கும், வலியும் கூடவே வரலாம்.

பெரியவர்களின் முக எலும்பை நாக்கால் அழுத்தி மாற்றலாம் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கமும் மியூயிங்கை நம்பி இறங்க வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. குழந்தைகளுக்கு அளித்த சிகிச்சை தொடர்பான விசாரணைக்குப் பிறகு, 2024இல் மைக் மியூவின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க பிரிட்டனின் பல் மருத்துவக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது.

நைட் கார்டு என்ன செய்யும்?

நைட் கார்டு என்பது வாயில் அளவெடுத்துச் செய்து, இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் கடினமான அக்ரிலிக் தகடு. அது பல்லைத் தேய்மானத்திலிருந்து காக்கும். மூளையின் கட்டளையை அது நிறுத்தாது. தகடுதான் பல்லுக்குப் பதிலாகத் தேயும். முன்பற்களை மட்டும் மூடும் சிறிய தகடுகளை நீண்ட நாள் போட்டால் பற்கள் இடம் மாறக்கூடும். வெந்நீரில் போட்டு நாமே கடித்து வடிவமைக்கும் ஆன்லைன் கார்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பலரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. மூச்சுத்தடை உள்ள சிலருக்கு மேல் தாடைத் தகடு அந்தத் தடையைக் கூட்டுகிறது. பலத்த குறட்டை, பகலில் தூக்கம், காலையில் தலைபாரம் இருப்பவர்கள் தகடு செய்துகொள்வதற்கு முன் அதைப் பல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

போடாக்ஸ் ஊசி தசையின் பலத்தைச் சில மாதங்களுக்குக் குறைக்கும். கடிக்கும் எண்ணிக்கையை அது குறைப்பதில்லை.

குழந்தைகள் கடிக்கும்போது

"வயிற்றில் பூச்சி இருக்கிறது, அதான் பல்லைக் கடிக்கிறான்" என்பது நம் வீடுகளில் முதலில் வரும் பேச்சு. பூச்சி மருந்து அதற்குரிய காலத்தில் கொடுக்க வேண்டியதுதான், ஆனால் பல் கடிப்பதற்குப் பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. குழந்தைகளிடம் பல் கடித்தல் பெரியவர்களைவிட அதிகம். பெரும்பாலோருக்கு வளர வளரத் தானாகக் குறையும். பால் பல் கொஞ்சம் தேய்ந்திருந்தால் பயப்படத் தேவையில்லை.

பார்க்க வேண்டியது மூச்சை. எப்போதும் வாயைத் திறந்து தூங்கும், குறட்டை விடும், அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டோ தொண்டையிலுள்ள டான்சிலோ வீங்கியிருக்கலாம். மூக்கு அடைத்தால் வாய் திறக்கும், வாய் திறந்தால் நாக்கு கீழே இறங்கும். நாக்கை மேலே வை என்று அந்தக் குழந்தையை அதட்டிப் பயனில்லை, அதற்கு மூச்சு வாய் வழியாகத்தான் கிடைக்கிறது. பிரேசிலில் அடினாய்டு, டான்சில் அறுவை செய்துகொண்ட குழந்தைகளைக் கவனித்த ஓர் ஆய்வு 2004இல் வந்தது. அறுவைக்கு முன் 45.6 சதவீதம் பேர் பல் கடித்தார்கள், பிறகு 11.8 சதவீதம். அறுவை செய்யாத குழந்தைகளோடு ஒப்பிடாத ஆய்வு என்பதால் முழுப் பலனையும் அறுவைக்கே எழுத முடியாது. ஆனாலும் எங்கே தேடுவது என்பதை அது காட்டுகிறது.

குழந்தை ஆழ்ந்து தூங்கும்போது மூச்சு விடுவதைக் கைபேசியில் ஒன்றிரண்டு நிமிடம் சத்தத்தோடு பதிவு செய்து, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று திணறி மீள்வது பதிவில் இருந்தால், பல்லுக்கான சிகிச்சைக்கு முன் அதைப் பார்த்தாக வேண்டும்.